பாதி பேய், மீதி விஷம்

கதவைத் திறப்பதற்கு முன் அவள் ஆளை முகர்ந்து பார்க்கிறாள். ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் கதவை ஒரு சாண் மட்டும் திறப்பாள். முடி மொத்தத்தையும் நீலத் தொப்பிக்குள் அடைத்த ஒரு தலை வெளியே நீளும். மூக்கை இரண்டு முறை இழுப்பாள். தீர்ப்பு உடனே வந்துவிடும்.

"பவுடர். போய்க் கழுவிட்டு வாங்க."

"கழுவிட்டுத்தானே வந்தேன்?"

"முகத்தைக் கழுவினீங்க. கழுத்துல அப்படியே இருக்கு. ஏன் ரைட்டரம்மா, கழுத்து உங்களோடது இல்லையா?"

தொடர்கதை ஒன்றில் கதாநாயகியின் பாலில் கலக்க நல்ல விஷமாக ஒன்று கேட்டு வைத்துக்கொள்ளலாம் என்று போன எனக்கு இதுதான் முதல் வரவேற்பு. அன்றைக்கு என் கழுத்து கண்ட தண்ணீரை அது அதற்கு முன் கண்டதில்லை.

எங்கள் குடியிருப்பில் அவள் எனக்கு மேல் வீடு. என் வயதுதான் இருக்கும். ஆனாலும் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் கூப்பிடுவதுபோல நானும் நெருப்பக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். அவளுடைய கருவிக்குள் நிற்கிற தழலால் வந்த அந்தப் பெயர் அவளுக்குப் பிடிக்காது. "அது நெருப்பே இல்ல. அங்க எதுவும் எரியல. மின்சாரம் ஏறின காத்து, அவ்வளவுதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டாள். பெயர் எரிந்து அணைவதாக இல்லை.

குள்ளமான உருவம். காதில் தோடு இல்லை, கையில் வளையல் இல்லை, விரலில் மோதிரம் இல்லை. நகங்கள் சதையோடு ஒட்ட வெட்டியிருக்கும். ஓயாமல் கழுவிக் கழுவிக் கைகள் மட்டும் இன்னும் பத்து வயது மூத்தவை. பேசுவதெல்லாம் உரத்த குரல். ஆய்வுக்கூடத்தில் பம்பும் புகைபோக்கியும் நாள் முழுக்க இரைவதால், அதற்கு மேல் குரலை ஏற்றி ஏற்றி, கடைசியில் அதுவே அவளுடைய குரலாகிவிட்டது. மேல் வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டாலும் கீழ் வீட்டில் நான் என் சமையலறையில் உப்பைத் தேடுவேன்.

"எதுக்கு இப்படிக் கத்தறே?" என்று கணவர் கேட்பது கேட்கும்.

"கத்தலையே! ரகசியமால்ல பேசறேன்!"

கணவர் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். வளையல், பவுடர், நகப்பூச்சு, சாயம், ஜிகினா. விதி எப்படியெல்லாம் ஆளைச் சேர்த்து வைக்கிறது பாருங்கள்! உலகத்தில் எந்தெந்தத் தூசு தன் ஆய்வுக்கூடத்துக்குள் வரக் கூடாது என்று அவள் உயிரை விடுகிறாளோ, அத்தனையையும் பொட்டலம் கட்டி விற்கிற மனிதரோடு இருபது வருடமாகக் குடும்பம் நடத்துகிறாள். காலையில் குளித்துப் புறப்பட்ட பிறகு அவர் பக்கத்தில் வரக் கூடாது. கூடத்தின் அந்தக் கோடியில் நின்று கையசைப்பார். அவள் இந்தக் கோடியில் நின்று அசைப்பாள். கப்பல் ஏறுகிறவளை வழியனுப்புகிற மாதிரி இருக்கும். கல்லூரியில் படிக்கிற மகள், "ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பாலம் கட்டட்டுமா?" என்பாள்.

இந்தக் கட்டுப்பாடு சும்மா வந்ததில்லை. ஒரு முறை, எதுவும் இருக்கக் கூடாத சுத்தத் தண்ணீரில் பிஸ்மத் என்ற உலோகம் இருப்பதாகக் கருவி சொன்னது. பாட்டிலை மாற்றினாள், அமிலத்தை மாற்றினாள், தண்ணீர் சுத்திகரிப்பானை அக்கக்காகக் கழற்றினாள். கருவி அதையே சொன்னது. கடைசியில் பார்த்தால், கணவர் ஆசையாகக் கொண்டுவந்த முத்து நிற நகப்பூச்சை மகள் இவள் கால் விரல்களில் பூசிவிட்டிருக்கிறாள். அந்த முத்துப் பளபளப்பே பிஸ்மத்தாம். அதிலிருந்து உதிர்ந்த, கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு! கால் விரலில் பூசியதைக் காட்டிக்கொடுக்கிற கருவி. கணவர் இன்றைக்கும் அந்தக் கருவியைச் சக்களத்தி என்றுதான் சொல்கிறார்.

அந்தக் கருவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிளாஸ்மா மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று பெயர். பெரிய அலமாரியைப் படுக்க வைத்தது போல இருக்கும். சோதிக்க வேண்டிய தண்ணீரை மெல்லிய குழாய் உறிஞ்சிப் பனித்துளி போலத் தூவும். அந்தப் பனி, செம்புச் சுருளுக்குள் தகதகக்கிற ஆர்கான் வாயுவுக்குள் போய் விழும். சூரியனின் மேல் தோலைவிட அங்கே சூடு அதிகம். அதில் விழுந்த எதுவும் தன் உருவத்தோடு மிஞ்சாது. உடைந்து, அணு அணுவாகப் பிரிந்து, மின்னூட்டம் பெற்று, ஊசி முனை அளவே துளையுள்ள ஒரு உலோகக் கூம்பு வழியாக உள்ளே இழுக்கப்படும். உள்ளே கருவி எடை பார்த்துப் பிரித்து, ஒவ்வொன்றாக எண்ணி முடிக்கும். கறுப்புக் கண்ணாடி பதித்த சிறு சன்னல் வழியாக அந்தத் தழலை எனக்குக் காட்டினாள். நீலமும் வெள்ளையுமாக, ஆடாமல் அசையாமல் நின்றது. உப்புத் தண்ணீர் உள்ளே போனதும் சட்டென்று மஞ்சளாகியது. என் உடம்பு சிலிர்த்துவிட்டது.

"அழகா இருக்கில்ல?" என்றாள். "அந்த மஞ்சள் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. உப்பு போய் கூம்புல படிஞ்சா இவளுக்கு மூக்கடைச்சுக்கும்."

கருவியின் வயது பன்னிரண்டுக்கு மேல். ஆய்வுக்கூடம் ஒரு டயர் கடைக்கு மாடியில் இருக்கிறது. டயர் தூசியில் துத்தநாகம் உண்டு. வாசலில் பசை தடவிய மிதியடி போட்டிருக்கிறாள். கீழ்க்கடைக்காரருடன் அவள் போட்ட சண்டைகளை வைத்தே நான் தனியாக ஒரு தொடர் எழுதலாம். காலையில் வந்ததும் கூம்பைக் கழற்றுவாள். மெத்தென்ற துணியை நீர்த்த அமிலத்தில் நனைத்துத் துடைத்து, விளக்குக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணால் துளையைப் பார்ப்பாள். துளைக்குள் தெரிகிற வெளிச்சம் வட்டமாக இருந்தால் முகம் மலரும். ஓரம் பிசிறடித்திருந்தால் அன்றைக்கு யாரும் பக்கத்தில் போகக் கூடாது. அப்புறம் அளவு தெரிந்த கரைசல் ஒன்றைக் கருவிக்குக் கொடுத்து எண்ணச் சொல்லுவாள். "பல்லு தேச்சாச்சா? சரி, ஒண்ணு ரெண்டு சொல்லு பாப்போம்." கருவி சரியாகச் சொன்னால்தான் அவளுக்குக் காப்பி.

கம்பெனிக்காரர்கள் இரண்டு முறை வந்து, இது பழசு, தூக்கிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு முறையும் அவள் அவர்களை வாசல் வரை போய் வழியனுப்பினாள். கதவைச் சாத்திவிட்டுக் கருவியைத் தட்டிக் கொடுத்தாள்.

"இவளுக்கு வயசாகல. இவளைச் சரியா யாரும் கவனிக்கல. ரெண்டும் வேற வேற."

இந்தப் பெண்ணைப் பற்றி இப்போது எழுதக் காரணம் ஒரு கிணறு.

ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய அடுக்கு வீடுகள். முந்நூறு குடும்பம் குடிவந்துவிட்டது. கட்டடக் கம்பெனி ஆழ்குழாய்க் கிணறு தோண்டி, அதன் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பியது. கரிக்கிற தண்ணீர். அதைச் சுத்தம் செய்யும் இயந்திரம் உப்பை எடுக்கும், ஆனால் எல்லாவற்றையும் எடுக்காது. நெருப்பக்கா சோதித்து எழுதிக் கொடுத்தாள்: ஆர்செனிக், லிட்டருக்கு முப்பத்தொன்று மைக்ரோகிராம். குடிதண்ணீருக்கு எல்லை பத்து. ஆர்செனிக் என்பது நான் தேடிப் போன அதே விஷம்தான். ஆனால் அது என் கதையில் வருவது போல உதட்டை நீலமாக்கி அந்த வாரமே ஆளைச் சாய்ப்பதில்லை. நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. வருடக்கணக்கில் தோலுக்குள்ளும் ஈரலுக்குள்ளும் உட்கார்ந்து வேலை செய்யும். அந்த முந்நூறு வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதை நினைத்தபோது என் கதாநாயகியின் பால் எனக்கு விளையாட்டாகத் தெரிந்தது.

கிணற்றை மூடினார்கள். லாரித் தண்ணீர் வந்தது. கட்டடக் கம்பெனி சும்மா இருக்குமா? ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் ஒருவரை அழைத்து வந்தது. அவர் விலைபோகிற ஆள் இல்லை. மெலிந்த உருவம், மெதுவான பேச்சு. அறிக்கையைப் படித்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தண்ணியில உப்பு ஜாஸ்தி. நீங்க ஹீலியம் விட்டுப் பார்த்தீங்களாம்மா?"

அவள் முகம் சுருங்கியது. இல்லை. ஹீலியம் சிலிண்டரை ஆய்வுக்கூட முதலாளி சிக்கனம் என்று நிறுத்தி மாதக்கணக்காகிறது.

"அப்ப நீங்க பார்த்தது ஆர்செனிக்தான்னு எப்படிச் சொல்றீங்க? பேயா இருக்கலாமே?"

அந்தப் பேயை அவள் எனக்கு விளக்கியது மாடிப்படியில் உட்கார்ந்து, வெங்காயம் உரித்துக்கொண்டே. "கருவிக்கு எடைதான் தெரியும், ஆள் தெரியாது. ஆர்செனிக்கோட எடை எழுபத்தஞ்சு. உப்புல இருக்கிற குளோரின் முப்பத்தஞ்சு. தழல்ல இருக்கிற ஆர்கான் நாப்பது. இது ரெண்டும் உள்ள ஒட்டிக்கிட்டு வந்தா எவ்வளவு?"

"எழுபத்தஞ்சு."

"பஸ் ஸ்டாண்டு எடை மெஷின்ல ரெண்டு பேர் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஏறி நின்னா, மெஷின் ஒரு குண்டு ஆள்னுதானே சொல்லும்? அதான் பேய். அதைக் கணக்குப் போட்டுக் கழிச்சுதான் எழுதினேன். ஆனா இவ்வளவு உப்புக்கு அந்தக் கணக்கு பத்தாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எழுதினேன் பாருங்க."

"அப்படின்னா தண்ணியில விஷமே இல்லையா?"

"தெரியாதே! முழுசும் பேயா இருக்கலாம். முழுசும் விஷமா இருக்கலாம். ஹீலியம் விட்டாத்தான் தெரியும்." ஹீலியம் என்ன செய்யும் என்று கேட்டேன். "கூட்டமா இருக்கிற பஸ்ஸுல ரெண்டு பேர் கைகோத்துக்கிட்டு முன்னாடி போக முடியுமா? இடி வாங்கி இடி வாங்கி நடுவுலயே நின்னுடுவாங்க. ஒத்தை ஆள் புகுந்து போயிடுவான். ஹீலியம்தான் அந்தக் கூட்டம்."

வெங்காயத்தினால்தான் என்று அவள் சொன்னாள். நான் அவள் கண்களைப் பார்த்தேன். வெங்காயம் அத்தனை செய்யாது.

முதலாளி மறுநாளே கூப்பிட்டுவிட்டார். கெட்டவர் இல்லை. ஒரு காலத்தில் அவரே சோதனைக் குழாய் பிடித்தவர். இப்போது கட்டடக் கம்பெனி அனுப்புகிற மண்ணும் சிமெண்டும் கம்பியும்தான் ஆய்வுக்கூடத்தின் பாதி வேலை என்ற கவலை பிடித்தவர். நடந்ததை அவளே வந்து ஒற்றையாளாக நாடகம் போட்டுக் காட்டினாள்.

"ஏம்மா, சந்தேகம்னு வந்துட்டா ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கிடலாமே? யாரு உன்னைக் கேக்கப் போறா?"

"நான் கேப்பேன் சார்."

"இந்தக் கிழட்டு மெஷினை வெச்சுக்கிட்டா? ஹீலியம் விட்டா இதுல சிக்னலே நிக்காது. பேயும் போயிடும், ஆர்செனிக்கும் போயிடும், நீயும் போயிடுவே."

"நிக்க வைக்கறேன். சிலிண்டர் மட்டும் வாங்கிக் குடுங்க."

"பலூன்காரன்கிட்ட இருக்கும், கேளு."

"பலூன் காத்துல பாதி நம்ம காத்து சார். எனக்குச் சுத்தமானது வேணும். இல்லேன்னா பேராசிரியர் ஐயாவுக்கு நானே ஃபோன் பண்ணி, எங்க முதலாளி ஹீலியத்தை நிறுத்திட்டாரு, அதான் தப்பாச்சுன்னு சொல்றேன். உள்ளதைத்தானே சொல்றேன்?"

சிலிண்டர் வந்தது.

அந்த வாரம் அவள் கருவியோடு மல்லுக்கட்டியதைப் பார்க்க நான் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் கழுத்துக் கழுவல் உண்டு. முதலாளி சொன்னது பொய்யில்லை. ஹீலியம் உள்ளே போனதும், அளவு தெரிந்த கரைசலிலேயே ஆர்செனிக்கின் எண்ணிக்கை குற்றுயிராகி, ஒரு நேரம் ஒன்று மறுநேரம் ஒன்று என்று தள்ளாடியது. அப்படித் தள்ளாடுகிற எண்ணை வைத்துக்கொண்டு யாரையும் எதிர்த்து நிற்க முடியாது.

வாயுக் குழாய் முழுக்கச் சோப்பு நுரை தடவினாள். ஒரு மூட்டில் பொட்டளவு குமிழி எழும்பியது. கசிவு! அந்த மூட்டை மாற்றினாள். பனி தூவுகிற முனையை இரவெல்லாம் அமிலத்தில் ஊறப்போட்டுக் காலையில் எடுத்தாள். பனி அறையை இன்னும் குளிர வைத்தாள். தழல் நிற்கிற இடத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, எண்ணுவாள், நகர்த்துவாள், எண்ணுவாள். ஒவ்வொரு பாட்டிலிலும் அளவு தெரிந்த வேறொரு உலோகத்தைத் துளி கலந்தாள். காவலாள் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறாள். காவலாளின் எண்ணிக்கை இறங்கினால் கருவி களைத்துவிட்டது என்று அர்த்தம். தன் காவலாள் தூங்குகிறானா என்று அவள் எட்டிப் பார்த்த தடவைகளுக்குக் கணக்கே இல்லை.

அப்புறமும் போதவில்லை. ஒரு மத்தியானம் அளவுக் குழாயில் ஆல்கஹாலை எடுத்து எல்லாப் பாட்டிலிலும் ஒரே அளவாகச் சொட்டினாள். அவ்வழியே போன முதலாளி நின்றுவிட்டார்.

"என்னம்மா, தண்ணிக்கே தண்ணி ஊத்தறே?"

"ஆர்செனிக்குக் கூச்ச சுபாவம் சார். சீக்கிரத்துல மின்னூட்டம் வாங்காது. இதுல இருக்கிற கார்பன் கொஞ்சம் கூட இருந்தா தைரியமா வெளிய வந்து நிக்கும்."

"நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தான்" என்றார் அவர், தன்னையறியாமல் சிரித்துவிட்டு.

எண்ணிக்கை ஏறியது. ஏறியதோடு நின்றது. திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தாள். அசையவில்லை. ஆனால் கிணற்றுத் தண்ணீரை மட்டும் அவள் அன்றைக்குக் கருவிக்குக் காட்டவேயில்லை. ஏன் என்று நான் கேட்டேன். "முன்னாடியே பார்த்துட்டு, நாளைக்குத் தெரியாத மாதிரி நடிக்க எனக்கு வராது. எல்லாரும் சேர்ந்து பாப்போம்."

என்ன நெஞ்சழுத்தம்! தண்ணீரில் இருப்பது முழுக்கப் பேய்தான் என்று நாளை தெரிந்தால், முந்நூறு குடும்பத்தைப் பீதியில் ஆழ்த்தியவள் என்ற பெயர் அவளுக்கு. இருந்தும் பதிலைத் தெரிந்துகொள்ளாமலே சபையைக் கூட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அறிக்கையே சந்தேகம் என்றும், திங்கட்கிழமை விடிந்ததும் கிணற்றைத் திறந்துவிடப் போவதாகவும் கட்டடக் கம்பெனி வீடு வீடாகச் சொல்லியாகிவிட்டது. முதலாளி வந்தார். பேராசிரியர் வந்தார். கம்பெனியின் மேலாளர், வாசனைத் திரவியம் கமகமக்க வந்தார். கதவு ஒரு சாண் திறந்தது.

"நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்னு பாருங்க."

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியுதே, தெருமுனையிலிருந்தே தெரிஞ்சுது."

பேராசிரியர் மறுபேச்சில்லாமல் முகமும் கழுத்தும் கழுவிக்கொண்டு வந்து, தொப்பியை மாட்டிக்கொண்டார். என்னை ஓர் ஓரத்தில் ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

முதலில், சுத்தமான தண்ணீரில் அவள் உப்புக் கரைத்தாள். கிணற்றில் உள்ள அதே அளவு உப்பு. ஆர்செனிக் கடுகளவும் இல்லாத தண்ணீர். பேராசிரியர் தன் கையாலேயே நிறுத்து, கலக்கிக் கொடுத்தார். ஹீலியம் இல்லாமல் கருவி அதைக் குடித்தது. தழல் மஞ்சளாகியது. திரையில் எண் வந்தது: ஆர்செனிக் பதினான்கு.

"பார்த்தீங்களா!" கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மேலாளர் துள்ளினார். "இல்லாத விஷத்தை இருக்குன்னு சொல்லுது!"

"ஆமா, சொல்லுது" என்றாள் அவள். "ஐயா சொன்னது சரி. நான் எழுதினது தப்பு."

இத்தனை பேர் முன்னிலையில், அந்த உரத்த குரலில். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் ஹீலியத்தைத் திறந்தாள். அதே உப்புத் தண்ணீர். எண் சரிந்து, சரிந்து, பூஜ்யத்தை ஒட்டி வந்து படுத்துக்கொண்டது. பேய் போய்விட்டது.

"இப்ப கிணறு" என்றாள்.

அந்த ஒரு நிமிடத்தை நான் என் தொடரில் எழுதியிருந்தால் மூன்று வாரத்துக்கு இழுத்திருப்பேன். குழாய் கிணற்றுத் தண்ணீரை உறிஞ்சுவது தெரிந்தது. தழல் மீண்டும் மஞ்சளாகியது. பம்பு இரைந்தது. அவள் திரையில் ஆர்செனிக்கின் எண்ணைப் பார்க்கவில்லை. காவலாளின் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நேராக நின்றது. ஹீலியம் இல்லாமல் முதலில் முப்பத்தொன்று காட்டியது. ஹீலியத்தைத் திறந்ததும் இறங்கியது. இருபத்தைந்து. இருபது. கண்ணாடிக்கு அப்பால் மேலாளரின் முகத்தில் புன்னகை விரிந்துகொண்டே போனது. பத்தொன்பது. பதினெட்டு.

பதினேழு.

பதினேழு. பதினேழு. பதினேழு.

நின்றுவிட்டது.

பேராசிரியர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அளவு தெரிஞ்ச ஆர்செனிக்கைக் கொஞ்சம் இதே தண்ணியில கலந்து குடுங்கம்மா. போட்டது திரும்பி வருதான்னு பாப்போம்." கொடுத்தாள். போட்டது போட்டபடி திரும்பி வந்தது. இன்னொரு பாட்டிலைத் திறந்து அதையும் பார்க்கச் சொன்னார். அதுவும் பதினேழு. அவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"பாதி பேய். நான் சொன்னது சரி" என்றார். "மீதி விஷம். நீங்க சொன்னது சரி. இந்தத் தண்ணியக் குடிக்கக் கூடாது. எங்க வேணாலும் சொல்றேன்." மேலாளரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அவருடைய காரில் ஏறாமல், படியிறங்கி நடந்தே போனார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நானாக இருந்தால் இங்கேதான் முடித்திருப்பேன். ஆனால் மேலாளர் எனக்கு மேல் கற்பனை வளம் உள்ளவர். எல்லோரும் முதலாளியின் அறைக்குப் போனதும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"முதல் ரிப்போர்ட் தப்புன்னு மேடமே ஒத்துக்கிட்டாங்க. சந்தோஷம். தப்பான ரிப்போர்ட்டை இன்னிக்கு வாபஸ் வாங்கிடுங்க. புது ரிப்போர்ட்டை நிதானமா, எல்லா முறைப்படியும், ஒரு மாசம் கழிச்சுக் குடுங்க. நாங்க என்ன ஓடியா போகப் போறோம்?"

முதலாளி அவரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். "சொல்றதுல நியாயம் இருக்கேம்மா. வாபஸ் தனி, புதுசு தனி. ரெண்டையும் எதுக்குக் குழப்பணும்?"

"நடுவுல ஒரு மாசம் அந்த வீட்டுக் குழந்தைங்க எதைக் குடிக்கும் சார்?"



அவள் நின்றபடியே ஒரு தாளில் எழுதினாள். எழுதிக்கொண்டே, கடைத்தெருவுக்கே கேட்கும்படி படித்தாள். "முன்னர் முப்பத்தொன்று எனக் கொடுத்தது என் பிழை. ஹீலியம் இல்லாமல் சோதித்ததே காரணம். சரியான அளவு பதினேழு. எல்லை பத்து. இந்த நீர் குடிப்பதற்கு உகந்ததன்று." கையெழுத்துப் போட்டாள். தாளை முதலாளியின் பக்கம் திருப்பி வைத்தாள். "ஒரே தாள்தான் சார். வாபஸும் இதுலதான், புதுசும் இதுலதான். பக்கத்துல உங்க கையெழுத்து இல்லாம இது செல்லாது."

"உன் தப்பை நீயே உன் கையால எழுதித் தர்றியேம்மா! நாளைக்கு இதைக் காட்டியே உன் கையெழுத்துக்கு மதிப்பில்லேன்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். நான் தப்பு பண்ணினேன், சரி பண்ணிட்டேன். தண்ணி இன்னும் சரியாகலையே?"

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். "நீங்க பேசி முடிவு பண்ணுங்க. காலையில ஆறு மணிக்கு வால்வு திறக்கறோம்" என்று முதலாளியின் தோளைத் தட்டிவிட்டு வெளியேறினார். வாசனை மட்டும் அறையில் நின்றது.

முதலாளி மேசையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். குரல் கெஞ்சியது. "இன்னிக்கு ஞாயித்துக்கிழமைம்மா. வீட்டுல எல்லாரும் சாப்பிடாம காத்துக்கிட்டிருப்பாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு வந்து பாக்கறேன், சத்தியமா. நீயும் வீட்டுக்குப் போ."

அவளுடைய கைப்பேசி அடித்தது. கணவர். "இன்னும் வரலையா? சோறு ஆறுது" என்றது எனக்கே கேட்டது.

"நீங்களும் பொண்ணும் சாப்பிடுங்க" என்றாள். "சார் ஒரு கையெழுத்துப் போடணும். நான் வர்றதுக்கு எவ்வளவு நேரமாகும்னு அவரைத்தான் கேக்கணும்."

கைப்பேசியை அந்தத் தாளின் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். கதவுக்கும் மேசைக்கும் நடுவில் கிடந்த நாற்காலியை, வழியை அடைத்தாற்போல் இழுத்துப் போட்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். பிறகு நாற்காலியில் ஏறி, இரண்டு காலையும் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பேனாவின் மூடியைத் திறந்து அவர் பக்கம் நீட்டினாள்.